வளர இடமில்லாத மடிக்கணினியை வாங்காதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கணினி பழுதுபார்க்கும் என்னிடம் இப்போது அதிகம் வருவது வைரஸ் புகார் இல்லை, இடப் பற்றாக்குறைதான். அண்மையில் செந்தூலிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். "தம்பி, வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது, அப்டேட் ஏறவே மாட்டேங்குது" என்றார். திறந்தால் சி டிரைவ் பட்டை முழுக்கச் சிவப்பு. அவருடைய பாடக்குறிப்பும் படங்களும் 5 ஜிபிகூட இல்லை. மொத்தச் சேமிப்பே 64 ஜிபி. மீதியை விண்டோஸும் பழைய அப்டேட் மிச்சங்களும் பிடித்துக்கொண்டிருந்தன. சேமிப்புச் சில்லு போர்டிலேயே பற்றவைத்தது, மாற்ற முடியாது.

விற்றவர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சச் சேமிப்பு 64 ஜிபிதான். ஆனால் அது நிறுவுவதற்கான அளவு. வருடக்கணக்கில் புழங்க அது போதாது.

விண்டோஸ் பெருத்துக்கொண்டே போகிறது. 1995இல் விண்டோஸ் 95 கேட்ட ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) 4 எம்பி. 2021இல் விண்டோஸ் 11 கேட்டது 4 ஜிபி. 26 ஆண்டுகளில் ஆயிரம் மடங்கு! லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் அப்படித்தான்: 1991இல் சுமார் 10,000 நிரல் வரிகள், இன்று ஏறக்குறைய 4 கோடி. அதில் பாதிக்குமேல், சாதனங்களை இயக்க உதவும் டிரைவர்கள். புதுச் சாதனம் வந்தால் டிரைவர் சேரும். பழையதை எடுத்தால் யாராவது ஒருவரின் பிரிண்டர் நின்றுபோகும். மஸ்ஜித் இந்தியா ஜவுளிக்கடைகளில் பழைய கணக்கு மென்பொருள் இன்னும் ஓடுகிறதென்றால், அதற்கான பழைய பாகங்களை விண்டோஸ் இன்றும் சுமப்பதால்தான்.

இத்தனை கோடி வரிகளில் பாதுகாப்பு ஓட்டை இல்லாமல் இருக்காது. அதை அடைக்க அப்டேட் வந்துகொண்டே இருக்கும், அதற்கும் இடம் வேண்டும். இடமில்லாத கணினியில் ஓட்டை அப்படியே திறந்து கிடக்கும், அதே கணினியில் வங்கிக் கணக்கும் திறக்கிறோம். என் கவலை இதுதான்.

இனி இது குறையப்போவதில்லை. ஏஐ வசதிகளும் உள்ளே வந்துவிட்டன. மைக்ரோசாஃப்ட் ஏஐ வசதிக்கென்றே வகுத்த கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு வைத்திருக்கும் கீழ்வரம்பே 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு.

ஆசிரியைக்கு வேண்டாத கோப்புகளை நீக்கி, ஒரு பென்டிரைவைச் செருகி அப்டேட்டை ஏற்றிக் கொடுத்தேன். அடுத்த பெரிய அப்டேட்டுக்கு மறுபடி வரவேண்டியிருக்கும். நீங்கள் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனால், விலை பேசுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எஸ்எஸ்டியை, அதாவது சேமிப்பை, பிறகு மாற்ற முடியுமா? ரேம் கூட்ட முடியுமா? இரண்டுக்கும் முடியாது என்றால், 256 ஜிபி சேமிப்புக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள்.