டெர்வார்: மண்வாசனை அல்ல, விளைதிணை

ஒயினைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் திராட்சை விளையும் இடத்தின் மொத்தச் சூழலைக் குறிக்கும் 'டெர்வார்' என்ற சொல்லைக் கண்டதும் 'மண்வாசனை' என்று போட்டுவிடுகிறார்கள். ஷெர்ரி என்பது தெற்கு ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் ஆகும் ஒயின். 'இந்த ஷெர்ரியில் ஹெரெஸின் மண்வாசனை கமழ்கிறது' என்று படிப்பவருக்கு என்ன புரியும்? முதல் மழையில் நனைந்த புழுதியின் மணம் கோப்பையில் வீசுவதாகத்தான் புரியும். ஷெர்ரியில் அப்படி எதுவும் இல்லை.

டெர்வார் பிரெஞ்சுச் சொல். 'தெர்ரித்தோரியும்' என்ற லத்தீன் சொல் பேச்சில் திரிந்து வந்தது; வேர்ப்பொருள் நிலப்பகுதி. ஸ்பானியர் 'தெர்ருன்யோ' என்பார்கள். முன்பு பிரெஞ்சில் 'டெர்வார் சுவை' என்றாலே பட்டிக்காட்டு ஒயின் என்று பழிக்கும் பேச்சு. பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு 2010இல் தந்த வரையறையில் மண், தட்பவெப்பம், நில அமைப்பு, உயிர்ச்சூழல், மனிதரின் செய்முறை எல்லாமே அடங்குகின்றன. நாம் பெயர் தேட வேண்டியது இந்த முழுமைக்கு.

மண்வாசனை ஏன் ஆகாது என்பதை ஹெரெஸின் அல்பரிஸா மண்ணே காட்டிவிடும். பண்டைக் கடலடியில் படிந்த வெள்ளை மண் அது: சுண்ணாம்பு, களி, டயட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள். அங்கே ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழை. பெரும்பகுதி இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் கொட்டித் தீர்த்துவிடும். கோடையில் துளி விழாது. அதனால் அறுவடை முடிந்த கையோடு கொடிவரிசைகளுக்கு நடுவே செவ்வகக் குழிகள் பறிக்கிறார்கள். 'அசெர்பியா' என்று பெயர். பறிக்காமல் விட்டால் சரிவில் ஓடுகிற நீர் மேல்மண்ணையும் அடித்துக்கொண்டு போய்விடும். மழை ஓய்ந்தபின் குழிகளை மூடிச் சமன் செய்கிறார்கள். வெயில் ஏறும்போது மேற்பரப்பு இறுகி ஓடுகட்டி, உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக விடாமல் தடுக்கிறது. ஆழ இறங்கிய வேர் அந்த ஈரத்தைக் கொண்டுதான் ஆகஸ்ட், செப்டம்பர் அறுவடை வரை பழத்தைத் தாங்குகிறது. ஆக, அல்பரிஸா கொடிக்குத் தருவது தண்ணீர், மணம் அல்ல. சுண்ணாம்பு கரைந்து வேர்வழியே ஏறிப் பழத்தில் சுவையாக உட்காருவதில்லை. 'மண்வாசனை' இந்தப் பிழையான எண்ணத்தைத்தான் விதைக்கிறது.

'மண்வளம்' என்பவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். அல்பரிஸாவில் மக்குப்பொருள் மிகக் குறைவு. தாழ்வான இடங்களில் உள்ள 'பாரோ' என்ற களிமண்தான் அதைவிட வளமானது. அதில் விளைச்சல் கூடும், சாறு நீர்த்துப்போகும். மண் வளமாக இருப்பதே இங்கே குறை.

இந்த இரண்டு சொல்லிலும் காற்றுக்கு இடமே இல்லை. மேற்கே அட்லாண்டிக்கிலிருந்து வரும் பொனியெந்தே ஈரமானது, குளிர்ந்தது. கிழக்கிலிருந்து வரும் லெவாந்தே சூடானது, வறண்டது. நாட்கணக்கில் அடித்தால் பழம் வாடிவிடும். ஷெர்ரிக்குப் பயன்படும் பலோமினோ திராட்சைக்குத் தனக்கென்று பெரிய மணம் கிடையாது. ஃபினோ என்ற ஷெர்ரி வகையின் குணத்தை ஆக்குவது பீப்பாயில் ஒயினின் மேல் படரும் 'ஃப்ளோர்' என்ற ஈஸ்ட் ஆடை. ஒயினில் ஆல்கஹால் 15 சதவீதம் அளவில் இருந்தால் அது தழைக்கும். 17ஐ எட்டினால் மடியும். ஹெரெஸ் நகரத்தில் கடும் வெயிலிலும் குளிரிலும் அந்த ஆடை மெலிகிறது. குவாதல்கிவிர் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள சான்லூகரில் கடல் ஈரத்தால் ஆண்டு முழுக்கத் தடித்து நிற்கிறது. ஹெரெஸ் தோட்டத்துப் பழத்தில் வடித்த ஒயினும் சான்லூகர் கிடங்கில் முதிர்ந்தால் மன்சனியா என்ற வேறு பெயர் பெறுகிறது. மண் ஒன்று, பழம் ஒன்று, ஒயின் மட்டும் வேறு. இதை எந்த மண்வாசனை விளக்கும்?

தமிழில் இதற்கென ஒரு கட்டமைப்பே இருக்கிறது. தொல்காப்பியத்தில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். கருப்பொருளில் உணவும் மரமும் தொழிலும் வருகின்றன. அல்பரிஸா நிலம், குளிர்கால மழையும் வறண்ட கோடையும் பொழுது, பலோமினோ கரு. ஒரு நீளக் கிளையில் எட்டு மொட்டு, ஒரு குட்டைக் கிளையில் ஒன்றிரண்டு மொட்டு விட்டு, மறு ஆண்டு பக்கம் மாற்றிக் கவாத்து செய்கிற ஹெரெஸ் முறை தொழில். இவ்வளவையும் சேர்த்துச் சொல்ல 'திணை' போதும். ஆனால் வெறும் திணை என்றால் உயர்திணை, அஃறிணை பக்கம் மனம் போகும். 'நிலத்திணை' என்றால் தாவரத்தைக் குறிக்கும் 'நிலைத்திணை'யோடு குழம்பும். ஆகவே 'விளைதிணை'. விளைநிலம், விளைபொருள் போல இதுவும் வினைத்தொகை. 'விளைத்திணை' என்று ஒற்று போடக் கூடாது.

மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்ப்பதுதான் இத்தனைக்கும் காரணம். 'வின்டேஜ்' என்பதைப் 'பழமையான' என்று எழுதுகிறார்கள். அது அறுவடை ஆண்டு. ஷெர்ரியிலோ பெரும்பாலும் பல ஆண்டு ஒயின்களை அடுக்கடுக்காகக் கலந்து முதிர வைக்கிறார்கள். புட்டியில் ஆண்டே இருக்காது. அடர்த்தியான ஒயின் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'முழு உடல் கொண்ட ஒயின்' என்கிறார்கள். தமிழ் தெரிந்த யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்.

மண்ணை மட்டும் சொல்லும் இடத்தில் மண் என்றே எழுதலாம், காற்றைச் சொல்லும் இடத்தில் காற்று என்றே எழுதலாம். எல்லாம் சேர்ந்த இடத்தில் மட்டும் விளைதிணை: 'ஹெரெஸின் விளைதிணை வேறு, சான்லூகரின் விளைதிணை வேறு.'