மண்பாண்டத் தொழிலாளர்கள் குளத்து மண் எடுப்பது: எங்கெங்கே இடறும்?

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நல்லது. ஆனால் பானைக்கு மண் ஏற்றி வரும் டிராக்டரை மறித்து "அனுமதிச் சீட்டு எங்கே?" என்று கேட்டால், அந்தக் குறியீட்டைக் காட்டித் தப்பிக்க முடியாது. எனக்குத் தெரிந்த வேளார் ஒருவர், அதாவது பானை வனைபவர், இப்படித்தான் மாட்டினார். மனு கொடுத்ததற்கான ரசீது கையில் இருந்தது. அதுவே அனுமதி என்று நினைத்துவிட்டார்.

சட்டம் நம் பக்கம்தான். 1959ஆம் வருடத்துச் சிறுகனிமச் சலுகை விதிகளின்படி, ஏரி குளங்களில் மண்பாண்டத்துக்காக 60 கனமீட்டர் வரை களிமண்ணோ வண்டலோ கட்டணமில்லாமல் எடுக்கலாம். டிராக்டர்காரர் கணக்கில் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) சொன்னால் ஏறக்குறைய 21 யூனிட். முன்பு கலெக்டர் வரை போகவேண்டியிருந்த அனுமதியை 2024 ஜூனில் தாசில்தாருக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் "கலெக்டர் ஆபீசுக்குப் போங்க", "கனிமவளத்துறைக்குப் போங்க" என்று யாராவது திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். இ-சேவையில் மனு போட்டு, அந்த மனு எண்ணைக் காட்டிப் பேசுங்கள். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

மனு போடும்போதே மூன்று இடத்தில் சறுக்கும். முதலாவது, நோக்கம். அவசரத்தில் "விவசாயம்" என்று தட்டிவிடுகிறார்கள், பிறகு சிட்டா எங்கே என்று கேட்டு மனு திரும்புகிறது. வேளாருக்கு நிலம் ஏது? "மண்பாண்டம்" என்று பதிவாகியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டாவது, குளம். மாவட்ட அரசிதழில் அறிவித்த குளங்களில்தான் எடுக்க முடியும். தாத்தா காலத்திலிருந்து மண் எடுத்த கண்மாய் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் மனு வீண், முதலில் பட்டியலைக் கேளுங்கள். மூன்றாவது, எல்லை. நீங்கள் குடியிருக்கும் தாலுகாவும் குளம் இருக்கும் தாலுகாவும் ஒன்றாக இருக்கவேண்டும். நல்ல களிமண் பக்கத்துத் தாலுகாவில் கிடைத்தாலும் அதைக் கேட்க வழியில்லை.

சரி, நேரம். ஐப்பசியில் தண்ணீர் ஏறிய குளத்துக்கு அனுமதி வாங்கி என்ன செய்வது? சீட்டில் போட்டிருக்கும் நாள் கழிந்தால் மறுபடி முதலிலிருந்து அலையவேண்டும். மாசி பங்குனியிலேயே மனுவைப் போட்டுவிடுங்கள். கோடை முடிவதற்குள் மண் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது லாரிக்காரர்களுக்குத்தான். "நான் சீட்டு வாங்கித் தர்றேன், கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்கள். உங்கள் பெயரில் வாங்கிய சீட்டில் மண் செங்கல் சூளைக்கோ வீட்டுமனைக்கோ போய்விடும். பிடிபட்டால் வழக்கு உங்கள் பெயரில். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் சீட்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நடைக்கும் வண்டி எண்ணைக் குறித்து வையுங்கள்.

அப்புறம் மழைக்கால உதவித்தொகை, 5,000 ரூபாய். மழையில் சூளை வைக்க முடியாத நாட்களுக்காகக் கொடுப்பது. இது குயவர் வீட்டில் பிறந்தாலே வந்துவிடாது. மண்பாண்டத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருக்கவேண்டும், அட்டையைப் புதுப்பித்தும் இருக்கவேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்டால் அது இடைத்தரகர் காசு. தொழில் செய்கிறீர்கள் என்று வி.ஏ.ஓ. சான்று தரத் தயங்குவார், சக்கரமும் சூளையும் இருக்கும் வீட்டுக்கே அவரைக் கூட்டி வந்துவிடுங்கள்.

வீட்டுப் பெண்களை யாரும் பதிவு செய்வதே இல்லை. மண் மிதிப்பதும் தட்டுவதும் காய வைப்பதும் அவர்கள்தான். அவர்களும் தொழிலாளிகள், தனியாகப் பதியுங்கள். 60 வயது தாண்டிவிட்டால் புதிதாகப் பதிய முடியாது. 59இல் இருக்கும் அம்மாவையோ பெரியம்மாவையோ இந்த வாரமே கூட்டிப் போங்கள். பணம் போகும் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வருடம் தொகை திரும்பிப் போய்விட்டால், அதைத் துரத்திப் பிடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.