நெட்டித் தொப்பிக்குள் இருந்த காற்று

மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலையைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கப் பெரிய மாலை, தூக்கினால் எடையே தெரியாது. குளத்திலும் சதுப்பிலும் முளைக்கும் ஒரு செடியின் தண்டைச் சீவிச் செய்வது அது. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் அதே தண்டைக் கொண்டு பெரிய கோயிலைச் சிறு உருவமாகச் செய்கிறார்கள். தந்தத்தில் கடைந்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும்.

வங்காளத்தில் இந்தச் செடிக்குப் பெயர் சோலா. வெள்ளைக்காரத் துரைமார் ஒரு காலத்தில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார்களே, அந்தத் தடித்த தொப்பி இந்த நெட்டியில் செய்ததுதான். ‘சோலா’ என்ற பெயரைப் பலர் ‘சோலார்’ என்று காதில் வாங்கி, சூரியனுக்கான தொப்பி என்றே எழுதிவிட்டார்கள்.

வெயில் தொப்பி எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. ஏனென்றால் அதைப் போட்டவர்கள் சொன்ன காரணம் தப்பு. தொப்பியோ சரியாகவே வேலை செய்தது.

முதலில் அந்தத் தண்டு. சோளத்தட்டையை உரித்து வண்டி செய்து விளையாடியவர்களுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைச் சோறு நினைவிருக்கும். நெட்டியும் தொட்டால் அப்படித்தான் இருக்கும். ஆனால் தாவரவியல்படி அது சோறு அல்ல, மரக்கட்டை. தண்ணீரில் நின்று வளரும் செடி என்பதால் அந்தக் கட்டை முழுக்க மெல்லிய சுவருள்ள நுண்ணறைகள், அறைகளுக்குள் காற்று. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுமந்தம், கண்ணாடி கடத்துவதில் ஏறக்குறைய 30-ல் ஒரு பங்குதான். அந்தக் காற்றை ஓட விடாமல் அறை அறையாகப் பிடித்து வைத்திருப்பதுதான் நெட்டியின் பலம்.

தண்டைத் தாள் போல மெல்லிசாகச் சீவி, அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டி, மேலே வெள்ளை அல்லது காக்கித் துணி போர்த்துவார்கள். விளிம்பின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் பச்சைத் துணி இருக்கும், தரையிலிருந்து வரும் கூச்சம் கண்ணில் அடிக்காமல் இருக்க. எனக்கு ரொம்பப் பிடித்தது தொப்பிக்கு உள்ளே இருக்கும் ஏற்பாடு. நெற்றியைச் சுற்றி உட்காரும் பட்டை தொப்பியின் சுவரோடு ஒட்டியிருக்காது. நடுவே சின்னச் சின்ன முட்டுகள் வைத்து இடைவெளி விட்டிருப்பார்கள். உச்சியில் ஒரு மூடியிட்ட துளை. தலைச்சூட்டில் லேசான காற்று மேலே ஏறி உச்சித் துளை வழியாக வெளியேறும், பட்டையைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும்.

இதை நம் ஊரில் வேறொரு உருவத்தில் தினமும் பார்க்கிறோம். கோடையில் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போடுகிறோம் அல்லவா? கீற்றைத் தளத்தின்மேல் அப்படியே பரப்பினாலும் நிழல்தான். இருந்தும் ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டுகிறோம். கீற்று வாங்கும் சூடு கீழே இறங்குவதற்குள் நடுவில் ஓடும் காற்று பாதியை வாரிக்கொண்டு போய்விடுகிறது. தொப்பியும் தலைக்கு மேல் போட்ட கொட்டகைதான். உச்சந்தலையோடு ஒட்டிக்கிடக்கும் தொப்பி, தளத்தில் பரப்பிய கீற்று.

ஒரு சித்திரை மதியம் பேருந்து நிலையத்தில் வாங்கிய கறுப்பு நிறக் குல்லாத் தொப்பியை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறேன். தலை வேர்த்து, வேர்வை ஆறாமல், கடைசியில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டபோதுதான் மூச்சு வந்தது. அடுத்த முறை பனை ஓலைத் தொப்பி. அதே வெயில், அதே சாலை. ஓலைப் பின்னலின் இடுக்குகள் வழியே காற்று போய்க்கொண்டே இருந்தது.

சரி, துரைமார் சொன்ன காரணம் என்ன? சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் கதிர் இருக்கிறது, அது மண்டையோட்டைத் துளைத்து மூளைக்குள் போகிறது, வெள்ளைத் தோல்காரர்களுக்கு அதைத் தடுக்கும் காப்பு இல்லை என்பதுதான். அமெரிக்க ராணுவ மருத்துவர் சார்லஸ் வுட்ரஃப் 1905-ல் ஒரு புத்தகமே எழுதி இந்த எண்ணத்தைப் பரப்பினார். மேகம் மூடிய நாளில்கூடத் தொப்பியைக் கழற்றக் கூடாது என்று குழந்தைகளை மிரட்டினார்கள். முதுகுத்தண்டுக்கும் ஆபத்து என்று சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்த பட்டையைத் தொங்கவிட்டார்கள். அந்தப் பட்டையே வேர்வையை அடைத்து உடலைச் சூடாக்கியிருக்கும்.

பிலிப்பைன்ஸில் இருந்த அமெரிக்கப் படை இதைச் சோதித்துப் பார்த்தது. 500 வீரர்களுக்குக் கதிரைத் தடுக்கும் என்று ஆரஞ்சுச் சிவப்பு உள்ளாடை, இன்னொரு 500 பேருக்கு வழக்கமான வெள்ளை. 1910-ல் முடிவு வெளிவந்தது: சிவப்பு உள்ளாடையால் ஒரு நன்மையும் இல்லை, போட்டவர்களுக்குப் புழுக்கம்தான் அதிகம்.

வெயிலில் ஆள் சுருண்டு விழுவதற்கு மண்டைக்குள் எதுவும் பாய வேண்டியதில்லை. தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்கூட அந்தத் தோலைத் தாண்டுவதே இல்லை. நடப்பது இதுதான்: உடல் உண்டாக்கும் சூடும் வெளியிலிருந்து வரும் சூடும் சேர்ந்து, வேர்வை ஆற்றக்கூடிய அளவைத் தாண்டிவிடுகின்றன. உள்ளுடல் வெப்பநிலை 40 டிகிரியைக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. பிரிட்டிஷ் உடலியலாளர் ஜே.எஸ். ஹால்டேன் அதே 1905-ல் சுரங்கங்களில் ஆராய்ந்து இதைக் காட்டினார். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு 31 டிகிரியைத் தாண்டிவிட்டால், காற்று அசையாத இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் உடல் சூடு ஏறத் தொடங்குகிறது. சுரங்கத்தில் வெயிலே கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஒரே ஆண்டில் ஒரு பக்கம் தப்பான விளக்கம், மறு பக்கம் சரியான விளக்கம். பரவியது தப்பானதுதான்.

அப்படியென்றால் வெயிலில் தொப்பிக்கு என்ன வேலை? ஒரு சின்னக் கணக்கு. மேகமில்லாத உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் விழுகிறது. மேலிருந்து பார்த்தால் நம் தலை ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம். அதன்மேல் விழுவது 20 வாட் சொச்சம். சுற்றிலும் 7.5 சென்டிமீட்டர் விளிம்புள்ள தொப்பியைப் போட்டால், அது மறிக்கும் வெயில் 80 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரின் உடல் உண்டாக்கும் சூடே சுமார் 100 வாட்தான். அந்த 80 வாட்டில் ஓரளவு தொப்பியிலேயே தங்கிக் கீழே இறங்கும், அதனால்தான் இடைவெளி வேண்டும் என்கிறேன். மற்றபடி முகம், காது, பிடரி, தோள் எல்லாவற்றிலும் விழ வேண்டியதை விளிம்பு வாங்கிக்கொள்கிறது. தொப்பி வாங்கப் போனால் முதலில் நான் பார்ப்பது விளிம்பைத்தான்.

விளிம்பின் நிழல் எதுவரை விழும் என்பது சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 7.5 சென்டிமீட்டர் விளிம்பு, சூரியன் 60 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 13 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிழல் தரும், ஏறக்குறைய வாய் வரை. 45 டிகிரியில் அதே 7.5 சென்டிமீட்டர், மூக்கு வரை. 30 டிகிரிக்கு இறங்கிவிட்டால் 4 சென்டிமீட்டர் சொச்சம்தான், கண்ணே தப்பாது. ஆனால் அந்நேரம் புற ஊதாவும் வெகுவாகக் குறைந்துவிடும். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை, உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்கு மேலே இருக்கிறது, தொப்பி போடும் நேரம். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும், நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஆஸ்திரேலியாவின் புற்றுநோய்க் கழகம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவும் இந்த 7.5 சென்டிமீட்டர்தான். கிரிக்கெட் தொப்பி நெற்றியையும் மூக்கையும் காக்கும், காதையும் பிடரியையும் வெயிலுக்கு விட்டுவிடும். வயலிலும் சாலையோரக் கடையிலும் நாளெல்லாம் நிற்பவர்களுக்கு அது போதவே போதாது.

அப்புறம், விளிம்பு எவ்வளவு அகலமானாலும் கீழிருந்து வரும் ஒளியை அது தடுக்காது. காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாவில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், அலை நுரை 25 சதவீதம், புதுப் பனி 80 சதவீதம் வரை. அந்தப் பழைய தொப்பியில் விளிம்புக்கு அடியில் பச்சைத் துணி வைத்தது ஏன் என்று இப்போது புரியும். அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தால் மணலிலிருந்து வந்த ஒளி அதில் பட்டு மறுபடி முகத்தில் விழும். வெளிப்பக்கம் வெளிர் நிறம், அடிப்பக்கம் அடர்நிறம் என்பது நல்ல சேர்க்கை.

துணித் தொப்பி என்றால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிந்தால் புற ஊதாவும் அதே வழியாக இறங்கும். துணி புற ஊதாவை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண் யூ.பி.எஃப். அது 50 என்று சீட்டு இருந்தால் 50-ல் ஒரு பங்குதான் உள்ளே வரும் என்று அர்த்தம். ஓலை, வைக்கோல் தொப்பிகளில் இது ஒரு சங்கடம். காற்றோட்டத்துக்கு இடுக்கு வேண்டும், கதிருக்கு இடுக்கு கூடாது. விளிம்பு நெருக்கமான பின்னலாகவும், தலைப்பகுதி கொஞ்சம் தளர்ந்த பின்னலாகவும் இருக்கும் தொப்பியைத் தேடுங்கள். வழுக்கைத் தலை என்றால் தலைப்பகுதியும் நெருக்கமாகவே இருக்கட்டும்.

அளவெடுக்கக் காதுக்குச் சற்று மேலே, நெற்றியின் நடு வழியாக நாடாவைச் சுற்ற வேண்டும். போட்டுப் பார்க்கும்போது பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும், உச்சந்தலைக்கும் தொப்பிக்கும் நடுவில் இரண்டு விரல் இடமாவது இருக்க வேண்டும். அந்த இரண்டு விரல் இடம்தான் கொட்டகையின் உயரம்.

நம் முண்டாசையும் துண்டையும் விட்டுவிட முடியாது. துணியின் மடிப்புகளுக்குள் சிக்கிய காற்று நெட்டி செய்யும் வேலையையே செய்கிறது. நனைத்துக் கட்டினால் இன்னொரு நன்மை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி சூட்டை எடுத்துக்கொள்ளும். திருச்சியின் காய்ந்த காற்றில் இது அற்புதமாக எடுபடும். கடலோர ஊரின் புழுக்கத்தில் ஈரம் உலராது, துண்டு வெறும் பாரமாகத் தொங்கும். நனைந்த பருத்தி காய்ந்த பருத்தியைவிடப் புற ஊதாவை அதிகம் உள்ளே விடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

காந்தியடிகள் இந்த நெட்டித் தொப்பியை வெளிப்படையாகவே ஆதரித்தார். 1929-ல் ‘யங் இந்தியா’ இதழில், ஐரோப்பாவிலிருந்து வந்த சில நல்ல விஷயங்களில் ஒன்றாக அதைச் சொன்னார். உடையில் அந்நியத்தை ஒதுக்கியவர், நிழல் விஷயத்தில் நியாயமாக இருந்தார் என்பது எனக்கு நெகிழ்ச்சி தருகிறது.

அந்தத் தொப்பிக்கு எதிரி மழை. நெட்டி தண்ணீரை உறிஞ்சி ஊறிக் கூழாகிவிடும். அதனால்தான் மேலே நீர் புகாத உறை மாட்டினார்கள், கார்க்கிலும் அதே உருவத்தைச் செய்தார்கள். ஓலைத் தொப்பிக்கு எதிரி இதற்கு நேர்மாறு, வறட்சி. ஈரம் முழுக்கப் போன ஓலை ஒடியும். அதை மூடிய காரின் கண்ணாடியோரம் போட்டு வைக்காதீர்கள். எடுக்கும்போது உச்சியைக் கிள்ளித் தூக்காமல் இரு கையாலும் விளிம்பைப் பிடித்து எடுங்கள், விரிசல் எப்போதும் அந்தக் கிள்ளும் இடத்தில்தான் தொடங்கும்.

துணித் தொப்பியில் வெள்ளைக் கோடு கோடாகத் தெரிவது வேர்வை உப்பு. உள்பட்டையை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கையால் அலசினால் போய்விடும். முறுக்கிப் பிழியாமல், கவிழ்த்து வைத்த பாத்திரத்தின்மேல் மாட்டி நிழலில் உலர்த்துங்கள், உருவம் கெடாது. துணி இழுபட்டு இழை விலகிய தொப்பியை எத்தனை ஆசையாக வாங்கியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். விளிம்பு வளைந்துபோன ஓலைத் தொப்பியைத் தூக்கிப் போட வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, ஓலை இளகியதும் கையால் நீவி, மேலே ஒரு புத்தகத்தை வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் பழைய விளிம்பு திரும்பி வந்திருக்கும்.