விமான டிக்கெட் இலவசம் என்று கிரெடிட் கார்டு வாங்கப்போகிறவர்களுக்கு

இந்த வருடம் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் தொடங்கியதிலிருந்து, இப்படிக் கார்டில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். கோவை சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் தம்பி, வயது 29. கம்பெனி தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16-ஐக் கொடுத்துவிட்டு, "சார், இந்த கார்டு பில்லையும் ஒரு தடவை பாருங்க" என்றார். நிலுவை 64,000 ரூபாய். அப்பா அம்மாவைக் காசிக்கு விமானத்தில் அழைத்துப் போக வேண்டும் என்று ஆசை. விமான நிறுவனத்தின் பெயர் போட்ட கார்டு, வாங்கினால் ஒரு டிக்கெட் இலவசம் என்றார்கள். வாங்கிவிட்டார்.

ஆண்டுக் கட்டணம் 5,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 5,900 ரூபாய் முதல் பில்லிலேயே போய்விட்டது. டிக்கெட் உடனே வராது. 90 நாளில் ஒரு லட்சம் ரூபாய் கார்டில் செலவு செய்தால்தான் வரும். "எப்படியும் செய்யப்போற செலவுதானே சார்" என்றார். மற்ற மூன்று பேரும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த வாக்கியத்தின் மேல்தான்.

அவர் கைக்கு வருவது மாதம் 52,000. வீட்டு வாடகை, வண்டிக் கடன் தவணை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் கார்டில் சேராது. வாடகையை ஏதாவது ஆப் வழியாகக் கார்டில் கட்டினாலும் பல வங்கிகள் அதை இந்த ஒரு லட்ச இலக்குக் கணக்கில் எடுப்பதில்லை. பெட்ரோல், வாலட்டில் போடும் பணம் இவற்றுக்கும் பெரும்பாலும் அதே கதிதான். மிச்சம் என்ன இருக்கிறது? மளிகை, மருந்து, போன் ரீசார்ஜ், ஓட்டல். மாதம் 14,000. மூன்று மாதத்துக்கு 42,000. ஒரு லட்சத்துக்கு இன்னும் 58,000 வேண்டும். அந்த 58,000 எப்படியும் செய்யப்போகிற செலவே இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியை மாற்றி 46,000-க்குப் புதிது வாங்கினார். மீதி 12,000-க்குத் துணி. ஒரு வழி டிக்கெட் ஒன்றுக்காக!

தயவுசெய்து விண்ணப்பிக்கும் முன் கடைசி மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். கார்டில் தேய்க்க முடிகிற, இலக்கில் சேர்கிற செலவை மட்டும் பேனாவால் குறித்துக் கூட்டுங்கள். பத்தாயிரம் குறைந்தாலும் அந்தக் கார்டு உங்களுக்கு வேண்டாம்.

நண்பர்கள் வாங்கும் பொருளுக்கு உங்கள் கார்டைக் கொடுத்து இலக்கை எட்டுவது இன்னொரு வழியாம். செய்யாதீர்கள். ஒரு நிதியாண்டில் கார்டு பில்லாக 10 லட்சத்துக்கு மேல் கட்டினால், ரொக்கமாக என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் கட்டினால், வங்கி வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் ஆறு லட்சம் வருமானத்துக்கு இவ்வளவு செலவு எப்படி என்று கேள்வி வரும்போது, நண்பர்கள் ஜிபேயில் அனுப்பியதையெல்லாம் தேதிவாரியாக நானும் நீங்களும் உட்கார்ந்து தேட வேண்டும்.

இனி வட்டி. மாதம் 3.5 சதவீதம் என்றால் 64,000-க்கு 2,240. வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு, 403 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று அவர் கட்டிய 3,200-ல் 2,643 இப்படியே போய்விட்டது. அசலில் குறைந்தது 557. நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

சரி, அந்த டிக்கெட்டாவது கிடைத்ததா? கிடைத்தது. அடிப்படைக் கட்டணம் மட்டும்தான் இலவசம், வரியும் விமான நிலையக் கட்டணமும் அவர் பொறுப்பு. போகப்போவது மூன்று பேர், இலவசம் ஒருவருக்கு. அவர் கேட்ட தேதிகளில் அந்த டிக்கெட்டுக்கு இடமும் இல்லை. டிக்கெட்டுக்குப் பதில், செய்யும் செலவுக்கு ஏற்பப் பாயின்ட்டாகக் கொடுக்கும் கார்டு என்றால் நீங்களே வகுத்துப் பாருங்கள். 7,200 ரூபாய் டிக்கெட்டுக்கு 10,000 பாயின்ட்டும் 1,200 ரூபாயும் கேட்டால், ஒரு பாயின்ட் 60 காசு. ஒரு ரூபாய் என்று நினைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள்.

பாயின்ட்டைச் சேர்த்து வைப்பதும் ஆபத்து. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதையே நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. பாயின்ட்டுகள் அங்கே மாறின, ஆனால் டிக்கெட்டை நம்பி விஸ்தாரா கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டிவந்தவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் அந்தச் சலுகை நின்றுபோனது.

எல்லோருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் ஒருவர் மாதம் இரண்டு முறை பறக்கிறார். முழு பில்லும் தானாகவே கணக்கிலிருந்து போகும்படி வைத்திருக்கிறார். அவரிடம் தாராளமாக வாங்குங்கள் என்றேன். இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு என்ன திரும்பக் கிடைக்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

வாங்கிவிட்டு வருந்துகிறவர்கள் நிலுவையைத் தீர்த்துவிட்டுக் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி ஏழு வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

அந்தத் தம்பியிடம் 80,000 ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட் இருந்தது, 7 சதவீத வட்டியில். இங்கே ஆண்டுக்கு 42 சதவீதத்தில் கடன்! சத்தம் போட்டேன். திங்கட்கிழமை அதை உடைத்து பில்லை முழுதாகக் கட்டிவிட்டார். மிச்சப் பணத்தில் மூன்று பேருக்கும் காசிக்கு ரயில் டிக்கெட் போட்டிருப்பதாக நேற்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.