கையுறை நுனியில் ஒரு பச்சைக் கீற்று

பினாங்கில் புற்றுநோய்க்கான கீமோ மருந்து கலக்கும் அறையில் பத்து வருடத்துக்கு மேலாக நிற்கிறேன். கவுன், இரட்டைக் கையுறை, முகக்கவசம், வடிகட்டாத காற்று வெளியே வராத கேபினட் என்று எல்லாம் முறைப்படிதான். என் கை சுத்தமான கை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்து வைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு வெளிநாட்டிலிருந்து ஒரு மருந்தாளுநர் பயிற்சி கொடுக்க வந்தார். ஸ்லைடு எதுவும் போடவில்லை. மருந்துக்குப் பதில் ஃபுளோரசின் சாயம் கலந்த தண்ணீரைக் குப்பியில் கொடுத்து, வழக்கம்போலக் கலக்கச் சொன்னார். கலந்து முடித்ததும் விளக்கை அணைத்துப் புறஊதா விளக்கைப் பிடித்தார். என் வலது கையுறையின் விரல் நுனியில் பச்சையாக ஒரு கீற்று. குப்பி மூடியைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக. லேபிள் ஒட்டிய பையின் மேல், நான் தொட்ட நினைவே இல்லாத இடத்தில், ஒரு விரல் அடையாளம். வார்டில் தாதி கையில் வாங்குவது அந்தப் பையைத்தான்.

குப்பிக்குள் காற்றை அதிகமாகத் தள்ளினால், ஊசியை உருவும்போது மருந்து தெறிக்கும். உள்ளழுத்தம் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருக்க வேண்டும். கல்லூரியில் படித்ததுதான். ஆனால் அவசரத்தில் என் கை என்ன செய்கிறது என்று பக்கத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை.

அதனால்தான் பன்னாட்டுக் கூட்டு முயற்சி என்றதும் வரும் ஒப்பந்தக் கையெழுத்து, கைகுலுக்கும் படம் இவற்றில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. மூன்று வாரம் பக்கத்தில் நிற்க ஓர் ஆளை அனுப்பினால் போதும்.

சில பாடங்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வின்கிரிஸ்டின் இரத்தக்குழாய்க்குள் மட்டுமே போக வேண்டிய கீமோ மருந்து. தவறி முதுகுத்தண்டில் போட்டால் பெரும்பாலும் உயிர் தங்காது. முதுகுத்தண்டில் போட வேண்டிய வேறு மருந்தும் இதுவும் சிரிஞ்சிலேயே வந்ததால் பல நாடுகளில் மாறிப்போயிருக்கிறது. சிரிஞ்சு வேண்டாம், சிறிய பையில் கலந்து கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரித்தது. பையைக் கொண்டுபோய் முதுகு ஊசியில் யாரும் மாட்டப்போவதில்லை. அவ்வளவு எளிய வழி.

சிலவற்றை நம் ஊருக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. இமாட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிடுபவர் கிரேப்ஃபுரூட் தொடக்கூடாது என்கிறது கையேடு. இங்கே யார் அதைச் சாப்பிடுகிறார்கள்? அதே இனத்துப் பழமான தம்பூன் பொமேலோவை (பம்பளிமாஸ்) சாப்பிடுகிறீர்களா என்றுதான் நாங்கள் கேட்க வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வரும் ஒரு பாட்டி. கேப்சிடபைன் என்ற கீமோ மாத்திரை: காலையும் இரவும், சாப்பிட்ட அரை மணிக்குள், 14 நாள் போட்டு 7 நாள் ஓய்வு. மலாயில் சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த சுற்றுக்கு வந்தபோது உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது. கரண்டியைப் பிடிக்க முடியவில்லையாம். தமிழில் மெல்ல விசாரித்தேன்.

"வெள்ளிக்கிழமை விரதம் மிஸ்ஸி. வெறும் வயித்துல போடக்கூடாதுன்னீங்களே, அதான் போடல. மிச்சத்த வீணாக்காம ஓய்வு வாரத்துல போட்டுட்டேன்."

விலை அதிகமான மாத்திரை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாட்டி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விரதம் உண்டா என்று நான்தான் கேட்கவில்லை.

டாக்டரிடம் பேசி, கை ஆறும்வரை மருந்தை நிறுத்தினோம். அப்புறம் வீட்டுச் சுவரில் இருக்கும் குதிரை காலண்டரை, அதாவது குதிரைப் பந்தய நாளில் குதிரைப் படம் போட்டிருக்கும் காலண்டரை, கொண்டுவரச் சொன்னேன். மாத்திரை நாளுக்குச் சிவப்பு வட்டம், ஓய்வு நாளுக்குப் பெருக்கல் குறி. வெள்ளிக்கிழமை வட்டங்களுக்குப் பக்கத்தில் 'பலகாரம் சாப்பிட்டுவிட்டு' என்று எழுதினேன். இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் காலண்டரைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்.

அதைப் படம் எடுத்து, பயிற்சி கொடுத்தவருக்கு அனுப்பினேன். தன் நோயாளிகளுக்கும் இப்படிச் செய்து பார்ப்பதாக எழுதியிருந்தார். கூடவே ஒரு சந்தேகம்: சில தேதிகளில் மட்டும் ஏன் குதிரை ஓடுகிறது?