கணிப்பீடு: மதிப்பீட்டிலிருந்து பிரித்தறிய வேண்டிய சொல்

வன்னியின் மருத்துவமனைகளில் பயிற்சி பெறும் தாதிய மாணவர்களிடையே “நாளைக்கு வாட்டிலை அசெஸ்மென்ட்” என்ற பேச்சு எழுந்தால், அதற்குப் புள்ளி இடப்படும் ஒரு சோதனை என்பதே பொருள். அச்சொல்லுக்கு அதைவிட அகன்ற பொருள் உண்டு.

அசெஸ்மென்ட் என்பதன் வேர், ‘அருகில் அமர்தல்’ என்னும் பொருளுடைய ‘அசிடெரே’ என்ற இலத்தீன் வினை. நீதிபதியின் அருகில் அமர்ந்து துணைபுரிந்தவரைச் சுட்டிய சொல், பின்னர் வரியைக் கணித்து விதிப்பதையும் குறித்தது. பிரதேச சபைக்கு நாம் செலுத்தும் ஆதனவரி ஆங்கிலத்தில் இன்றும் அசெஸ்மென்ட் டாக்ஸ் எனப்படுவது அப்பழைய பொருளின் எச்சமே. கல்வித்துறைப் பொருள் மிகவும் பிந்தியது.

தமிழகத்தில் இதற்கு ‘மதிப்பீடு’ என்பதே வழக்கு. வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்பன அங்குள்ள பள்ளிகளில் நன்கு அறிமுகமானவை. இலங்கையிலோ ‘பாடசாலை மட்டக் கணிப்பீடு’ என்ற தொடர் நிலைத்துவிட்டது. அசெஸ்மென்ட் கணிப்பீடாகவும், இவாலுவேஷன் மதிப்பீடாகவும் ஆசிரியர் கல்வியில் பிரித்து வழங்கப்படுகின்றன. இப்பிரிவு பேணத்தக்கது என்பது என் உறுதியான கருத்து. ‘மதி’ என்னும் வினை அளவிடுதலோடு பெருமை அறிதலையும் குறிப்பதால், மதிப்பீட்டில் தீர்ப்பு கலந்திருக்கிறது. ‘கணி’ என்பதில் எண்ணி அறிதலே முதன்மையானது. இரண்டிலும் உள்ள ‘ஈடு’, ‘இடு’ என்னும் வினையின் முதலெழுத்து நீண்டு பிறந்த தொழிற்பெயராகும். வானிலைக் கணிப்பு, தேர்தல் கணிப்பு என்பவற்றைக் காட்டி, கணிப்பு என்றால் முன்கூட்டி உரைத்தல் அல்லவா என்று வினவுவோர் உளர். அக்குழப்பத்தைத் தவிர்க்கவே கணிப்பு என்று நிறுத்தாமல் கணிப்பீடு என்று முழுமையாக எழுத வேண்டும்.

இவ்வேறுபாடு குளக்கரையில் வாழ்பவர்களுக்குப் புதிதன்று. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் அளவுகோலைப் பார்த்து நீர் எத்தனை அடி நிற்கிறது என்று குறிப்பது கணிப்பீடு. அந்நீர் எத்தனை ஏக்கர் சிறுபோகத்துக்குப் போதும் என்று கூட்டத்தில் ஆராய்ந்து முடிவுகட்டுவது மதிப்பீடு. முடிவின்படி துருசை, அதாவது மதகை, திறப்பது மூன்றாவது செயல். அடிக்கணக்கைப் பதிவேட்டில் எழுதிவிட்டு எல்லோரும் வீடு திரும்பினால் வயலுக்கு நீர் வராது.

சுகாதாரத் தொழில்சார் கல்லூரிகளில் பெரும்பாலும், கண்டறிந்ததைக் கொண்டு திருத்தம் செய்யும் இந்த மூன்றாவது செயலே விடுபட்டுப்போகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு லீற்றர் சேலைனை எட்டு மணித்தியாலத்தில் ஏற்ற, மில்லிலீற்றருக்கு 20 துளி தரும் குழாயில் நிமிடத்துக்கு எத்தனை துளி விட வேண்டும் என்று கேட்கிறோம் எனக் கொள்வோம். விடை ஏறத்தாழ 42. ஒரு மாணவி தவறினால் அவளுக்கு மீண்டும் கற்பிக்கலாம். ஆனால் ஓர் அணியில் பாதிப்பேர், அதுவும் மற்ற வினாக்களில் உயர்ந்த புள்ளி பெற்றவர்கள் உட்பட, அதே படியில் தடுமாறினால், குறை வினாவிலோ கற்பித்தலிலோ பாடத்திட்டத்தில் அக்கணக்கு வைக்கப்பட்ட இடத்திலோ இருக்கலாம். பெயர்ப்பட்டியலில் இறுதிப் புள்ளியை மட்டும் வைத்திருக்கும் கல்லூரியால் அதனைக் கண்டறிய இயலாது; வினாவாரியாக, செயற்படியாகப் பிரித்து வைத்த கணிப்பீட்டுத் தரவு அதற்கு வேண்டும். 1975 இல் மருத்துவக் கல்வியாளர் ரொனால்ட் ஹார்டனும் அவருடன் பணியாற்றியோரும் ஸ்கொட்லாந்தின் டண்டியிலிருந்து அறிமுகப்படுத்திய நிலையவாரியான செயன்முறைத் தேர்வு, ஒவ்வொரு திறனையும் தனித்தனி நிலையத்தில் நோக்குவதால், அத்தகைய பிரிப்புக்கு இயல்பாகவே இடந்தருகிறது.

தரவு என்ற சொல்லைப் பற்றியும் இங்கே ஒன்று கூறத் தோன்றுகிறது. டேட்டா இலத்தீனில் ‘தரப்பட்டவை’; நமது தரவும் ‘தரு’ என்பதன் வழிப் பிறந்ததே. கலிப்பா என்னும் செய்யுள் வகையின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர்; ஒத்தாழிசைக் கலிப்பாவில் அதன்பின் தாழிசையும் தனிச்சொல்லும் சுரிதகமும் வர வேண்டும். கணிப்பீட்டிலும் தரவோடு வேலை முடிந்துவிடுவதில்லை.

ஆகவே அசெஸ்மென்ட் டேட்டா என்பதைக் ‘கணிப்பீட்டுத் தரவு’ என்றும், அதன் துணையால் கல்லூரியின் பாடநெறியை எடைபோடுவதை ‘பாடநெறி மதிப்பீடு’ என்றும், கண்டதை மாணவருக்கும் ஆசிரியருக்கும் திருப்பி அறிவிப்பதைப் ‘பின்னூட்டல்’ என்றும் எழுதலாம். மூன்றையும் ‘மதிப்பீடு’ என்ற ஒரே சொல்லால் எழுதும் அறிக்கையில், எடைபோடப்படுவது மாணவியா கல்லூரியா என்பது வாசிப்பவருக்குத் தெளிவாவதில்லை.