பாதி விலை பிரெட் ஏன் கெட்டியாகிறது?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பிரெட்டைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். கவரில் போட்ட தேதி இன்னும் தாண்டவில்லை. ஆனால் அமுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருக்கிறது. அதே கம்பெனி, அதே தேதி போட்ட பிரெட் டீக்கடையில் மெத்தென்று இருக்கிறது. பழைய சரக்குக்குப் புதுத் தேதி ஒட்டி ஏமாற்றுகிறார்களா? வாங்கலாமா, கூடாதா?"

தேதி தாண்டவில்லை, பூசணம் இல்லை, வாடை இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம். கெட்டியாக இருப்பதற்குத் தேதியை மாற்றித்தான் ஒட்டியிருக்க வேண்டும் என்பதில்லை, கடையில் ஓடும் ஏசியே போதும். எப்படி என்று சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

பிரெட்டுக்கு இரண்டு வகையில் வயதாகிறது. ஒன்று, கெட்டுப்போவது. அது கிருமிகளின் வேலை. இன்னொன்று, கெட்டியாவது. அதில் கிருமிக்குச் சம்பந்தமே கிடையாது. இரண்டும் ஒரே பாக்கெட்டுக்குள் ஒரே நேரத்தில் நடந்தாலும் ஒன்றின் வேகம் மற்றதன் வேகத்தோடு ஒத்துப்போகாது. கவரில் இருக்கும் தேதி முக்கியமாக முதலாவதைப் பற்றியது. நம் கட்டைவிரல் அமுக்கிப் பார்ப்பது இரண்டாவதை. கடையில் நடக்கும் சண்டையில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

கெட்டுப்போவது நமக்குத் தெரிந்த கதைதான். அடுப்பிலிருந்து வரும்போது பிரெட்டில் பூசணம் இருக்காது, அந்தச் சூட்டில் அதன் வித்துகள் செத்துவிடும். ஆறவைத்து, துண்டு போட்டு, கவரில் அடைக்கும் இடைவெளியில் காற்றிலிருந்து புது வித்துகள் வந்து உட்காரும். வெப்பமும் ஈரமும் இருந்தால் அவை வளரும். சித்திரை, வைகாசியில் நம்மூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். இன்னொரு கிருமியும் உண்டு, பேசில்லஸ். அதன் வித்து அடுப்புச் சூட்டையும் தாங்கிக்கொள்ளும். வெக்கையான ஊர்களில் அது பிரெட்டின் நடுப்பகுதியைப் பிசுபிசுப்பாக்கி, பிட்டால் நூல் விட வைக்கும். அழுகிய பழ வாடை அடிக்கும். அப்படிப்பட்ட பிரெட்டையும் பூசணம் பிடித்த பிரெட்டையும் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். பச்சையாகத் தெரியும் இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு மிச்சத்தைத் தின்பது ஆபத்து. பூசண இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வெகுதூரம் போயிருக்கும்.

சரி, கெட்டியாவதற்கு வருவோம்.

பிரெட் காய்ந்துபோவதால்தான் கெட்டியாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். 1852-இல் பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் ஈரம் வெளியே போகாதபடி வைத்த ரொட்டியும் கெட்டியாவதைக் காட்டினார். அதே ரொட்டியை மறுபடி சூடாக்கினால் மெத்தென்று ஆவதையும் காட்டினார். தண்ணீர் உள்ளேயேதான் இருந்திருக்கிறது, வேறு எதுவோ மாறியிருக்கிறது. அது என்னவென்று 1920களின் இறுதியில் காட்ஸ் என்ற டச்சு வேதியியலாளர் எக்ஸ்-கதிர் வழியாகக் கண்டார். ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, மறுபடியும் படிகமாகிக்கொண்டிருந்தது.

கோதுமை மாவில் பெரும்பகுதி ஸ்டார்ச். அதில் ஏறக்குறைய கால்பங்கு அமைலோஸ், நீள நீளமான சங்கிலிகள். முக்கால்பங்கு அமைலோபெக்டின், நிறையக் குட்டைக் கிளைகள் கொண்ட பெரிய மூலக்கூறு. பச்சை மாவில் இந்தக் கிளைகள் ஒழுங்காக அடுக்கி இறுக்கிக் கிடக்கும். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுபவர்கள் கட்டி வைக்கும் பீடிக் கட்டைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அப்படி. அந்த இறுக்கத்தில் தண்ணீர் நுழையாது. அதனால்தான் பச்சை மாவு நமக்குச் சரியாகச் செரிப்பதில்லை. அடுப்பில் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்போது கட்டு அவிழ்கிறது. சங்கிலிகள் கலைந்து, நடுவே தண்ணீர் புகுந்து, எல்லாம் கூழாகிறது. புது பிரெட்டின் மெத்து இந்தக் கலைந்த நிலைதான்.

முறத்தில் கொட்டிய பீடி தானாகக் கட்டாகாது. ஸ்டார்ச் ஆகும்! பிரெட் ஆறத் தொடங்கியதுமே அமைலோஸ் சங்கிலிகள் சில மணி நேரத்தில் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. சுடச்சுட வந்த பிரெட்டை ஆறவிடாமல் துண்டு போட முடியாததற்குக் காரணம் இந்தப் பிணைப்பு இன்னும் நடக்காததுதான். அப்புறம் அமைலோபெக்டினின் குட்டைக் கிளைகள், இரண்டு இரண்டாக முறுக்கிக்கொண்டு, நாள் கணக்கில் மெதுவாகப் படிகமாகின்றன. அந்தப் படிகம் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. தண்ணீர் எங்கும் போகவில்லை, ஆனால் நாக்குக்கு வறண்டதாகத் தெரிகிறது.

இனிமேல் வருவதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். ஒரு படிகம் உருவாக இரண்டு வேலை நடக்க வேண்டும். முதலில், சில கிளைகள் தற்செயலாகச் சேர்ந்து ஒரு சின்ன விதைப் படிகம் தோன்ற வேண்டும். இதற்குக் குளிர் வேண்டும். சூட்டில் மூலக்கூறுகள் ஆடிக்கொண்டே இருப்பதால் சேர்ந்த வேகத்தில் பிரிந்துவிடும். அடுத்து, மற்ற கிளைகள் நகர்ந்து வந்து அந்த விதையில் ஒட்ட வேண்டும். நகர்வதற்கு வெப்பம் வேண்டும். குளிர் அதிகமானால் அசையவே முடியாது. ஆக, ஒரு வேலை குளிரைக் கேட்கிறது, இன்னொரு வேலை வெப்பத்தைக் கேட்கிறது. 60 டிகிரிக்கு மேல் விதையே நிற்காது. ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியில் எதுவும் நகராது. இரண்டுக்கும் நடுவே, இரண்டு வேலையும் ஓரளவு சேர்ந்து நடக்கும் வெப்பநிலையில்தான் பிரெட் மிக வேகமாகக் கெட்டியாகும். அது சுமார் 4 டிகிரி. நம் வீட்டு ஃபிரிட்ஜின் வெப்பநிலை!

பத்திரமாக இருக்கட்டும் என்று பிரெட்டை ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் பூசணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள், கூடவே கெட்டியாவதை விரைவாக்குகிறார்கள். வாசகியின் புதிருக்கும் இதுதான் விடை. சூப்பர் மார்க்கெட்டில் ஏசி 24 டிகிரியில் ஓடுகிறது. டீக்கடையில் பகல் முழுக்க 36, 37 டிகிரி. குளிர்ந்த இடத்து பிரெட் சீக்கிரம் கெட்டியாகும், பூசணம் மெதுவாக வரும். வெக்கையில் தொங்கும் பிரெட் மெத்தென்றே இருக்கும், ஆனால் பூசணம் வேகமாக வரும். அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருப்பதைத் தேர்ந்தெடுப்பவர், பாதுகாப்பு என்ற கணக்கில், இரண்டில் மோசமானதைத் தேர்ந்தெடுக்கிறார். ராத்திரி மிஞ்சிய பரோட்டா காலையில் வாராக இழுப்பதும் இதே ஸ்டார்ச் வேலைதான். நம்மூர் அல்வாவிலும் கோதுமைப்பால்தான், ஆனால் சர்க்கரை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, நெய் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து நிற்கிறது. அதனால் அல்வா அவ்வளவு எளிதில் கெட்டியாவதில்லை.

பிரெட் கம்பெனிகளுக்கு இந்த இரண்டு வேலைகளும் நன்றாகவே தெரியும். கவரைத் திருப்பிப் பாருங்கள். 282 என்ற எண் இருந்தால் அது கால்சியம் புரோப்பியோனேட், பூசணத்துக்கு எதிராகப் போட்டது. 471 என்றிருந்தால் அது கொழுப்பிலிருந்து செய்த எமல்சிஃபையர், அமைலோஸோடு பிணைந்து பிரெட்டை மெத்தென்று வைத்திருக்கப் போட்டது.

இப்போது கடைக்குள் போவோம். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் நான் பார்த்தது. பிரெட் ரேக்குக்கு முன்னால் ஒரு அம்மா ஒவ்வொரு பாக்கெட்டாகக் கட்டைவிரலால் அமுக்கி வைக்கிறார். "அக்கா, அமுக்காதீங்கக்கா, நசுங்குனா அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க" என்கிறது அங்கே நிற்கும் பிள்ளை. "அப்பம் எப்பம்மா வெல கொறைப்பீக?" "மேனேஜர் சொன்னாத்தாங்க்கா ஸ்டிக்கர் ஒட்ட முடியும்." அந்தப் பிள்ளை சொன்னது உண்மை. விலையைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, திட்டு வாங்கும் வேலை மட்டும் அதற்கு.

ஏன் ஒரு ஆள் நின்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்? கம்ப்யூட்டரே குறைத்துக்கொள்ளக் கூடாதா? கூடாது, காரணம் பார்கோடு. பிரெட் கவரில் இருக்கும் 13 இலக்கப் பார்கோடு, இது எந்தக் கம்பெனியின் எந்தப் பொருள் என்று மட்டும்தான் சொல்லும். தேதி அதில் கிடையாது. இன்று வந்த பாக்கெட்டும் நாளை காலாவதியாகப் போகும் பாக்கெட்டும் ஸ்கேனருக்கு ஒன்றுதான். எனவே ஒரு ஆள் ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துத் தேதி பார்த்து ஒட்ட வேண்டும். அந்த விலை கணினியில் ஏறவில்லையென்றால் ஸ்டிக்கரில் 25 ரூபாய், பில்லில் 50 ரூபாய் என்று வந்து நிற்கும். கவுண்டரில் சண்டை வெடிப்பது அங்கேதான். தேதியையும் தாங்கும் சதுரக் கட்டக் குறியீடுகளை 2027 முடிவுக்குள் உலகெங்கும் கடைக் கவுண்டர்கள் படிக்க வேண்டும் என்று பார்கோடு தரத்தைக் கவனிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. அது வந்தால் நேரத்துக்கு ஏற்ப விலை தானாகவே இறங்கலாம்.

விலைக் கணக்கு எளிது. கடைக்கு 40 ரூபாய்க்கு வந்து 50 ரூபாய்க்கு விற்கும் பிரெட் என்று வைத்துக்கொள்வோம். தேதி தாண்டினால் விற்பது சட்டப்படி குற்றம். கம்பெனி ரிட்டர்ன் எடுக்காவிட்டால் 40 ரூபாயும் நஷ்டம். பாதி விலைக்குப் போனால் நஷ்டம் 15 ரூபாயோடு நிற்கும். ஆனால் எட்டு மணிக்குக் குறைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், ஆறு மணிக்கு முழு விலை கொடுத்திருப்பவரும் எட்டு மணி வரை காத்திருப்பார். அதனால்தான் கடைக்காரர்கள் நேரத்தைச் சொல்வதில்லை. பிரிட்டனில் மஞ்சள் ஸ்டிக்கருக்கும் ஜப்பானில் பாதி விலை உணவுப் பெட்டிக்கும் மாலையில் ஆட்கள் காத்து நிற்பது பழகிப்போன காட்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய தேதிப் பாக்கெட்டை முன்னால் அடுக்குவது கடையின் வழக்கம். முழங்கை வரை கையை விட்டுப் பின்னாலிருந்து உருவுவது நம் வழக்கம். இன்று இரவே சாப்பிட்டு முடிக்கப் போகிறவர்கூட நான்கு நாள் தள்ளிய தேதியைத் தேடுகிறார். முன்னால் இருப்பது நாளைக்குக் குப்பைக்குப் போகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது. அதில் கடைகளின் பங்கு 12 சதவீதம், வீடுகளின் பங்கு 60 சதவீதம். பாதி விலை என்று மூன்று பாக்கெட் வாங்கி இரண்டைத் தூக்கிப்போட்டால் அது கடைக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

பாக்கெட் எவ்வளவு வெப்பம் பட்டது என்று கவரில் இருக்கும் தேதிக்குத் தெரியாது. போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். குப்பி பட்ட வெப்பத்துக்கு ஏற்ப அந்தச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. 1996 முதல் இது புழக்கத்தில் இருக்கிறது. பால் பாக்கெட்டுக்கும் பிரெட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும், பைசாக் கணக்கில் முடிகிற விலையில், நம் வெயிலுக்கு அளந்து செய்ததாக. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகமும் தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன. ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் 2020-21 கணக்குப்படி இந்தியா தன் உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 0.64 சதவீதம்தான். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற எண். இன்னொரு கோபமும் உண்டு. 2025 செப்டம்பர் 7 இரவுச் சந்திர கிரகணம் போன்ற நாட்களில், கிரகணம் பட்டுவிட்டது என்று நல்ல மாவையும் சோற்றையும் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். கிருமிக்குத் தெரிந்ததெல்லாம் வெப்பம், ஈரம், நேரம். பூமியின் நிழல் நிலவின் மேல் விழுவது அதற்குத் தெரியாது.

வாசகிக்கு, வாங்கியதை வைத்துக்கொள்ளும் முறை: அன்றைக்கே தின்பதை வெளியே வையுங்கள். மிச்சத்தை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்காமல் ஃப்ரீசரில் வையுங்கள். பாக்கெட்டோடு திணிக்காமல் துண்டுகளைப் பரப்பி வைத்தால் அந்த 4 டிகிரி கட்டத்தைச் சீக்கிரம் கடந்து உறைந்துவிடும். உறைந்த பிறகு கவரில் போட்டுக் கட்டிக்கொள்ளலாம். எடுக்கும்போதும் மேசையில் வைத்து உருக விட வேண்டாம், மறுபடி அதே கட்டத்தில் நெடுநேரம் கிடக்கும். ஃப்ரீசரிலிருந்து நேரே சூடான தோசைக்கல்லில் போடுங்கள். படிகம் உருகி மெத்தென்று ஆகும். ஆனால் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள், இரண்டாவது முறை அது இன்னும் வேகமாகக் கெட்டியாகும்.